இடித்தால் வலிக்காத வேலி

சிதம்பரத்தில் வினோதினியிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேராவது ஒரு தடவை வாய்க்காலில் விழுந்து எழுந்தவர்கள்தான். அதற்காக வினோதினியைக் குறை சொல்ல முடியாது. புவனகிரி ரோட்டை ஒட்டி அவளுடைய அப்பா விட்டுப்போன மனை அப்படி அமைந்துவிட்டது. ரோட்டுப் பக்கம் அகலமாக ஆரம்பித்து, உள்ளே போகப் போகச் சரிந்து, கடைசியில் ஆகாயத்தாமரை மூடிய வாய்க்காலில் போய் முடியும். வண்டியை எடுக்கிற எல்லாரும் முதலில் ஒழுங்காகத்தான் போவார்கள். வளைக்க வேண்டிய இடம் வந்ததும் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கும், வாய் "டீச்சர்!" என்று அலறும், கால் இரண்டும் காற்றில் விரியும். அப்புறம் தொபுக்கடீர்.

இந்தப் பயிற்சியை ஆரம்பிக்கும் முன்னால் வினோதினி மேல வீதியில் ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரரின் பழைய ஸ்கூட்டரில் யாரும் சொல்லித்தராமல் அவளே ஓட்டிப் பழகினவள். தேர் ஓடுகிற நாலு வீதியையும் முதல் முறையாகத் தனியாகச் சுற்றி வந்த அன்று அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கடை வாசலில் வண்டியை நிறுத்தின பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பை ஊரில் இருக்கிற மற்றப் பெண்கள் சிரிக்காமலே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது. வேலையை விட்டுவிட்டு மனையில் 'வினோ இருசக்கர வாகனப் பயிற்சி, பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு எழுதி மாட்டிவிட்டாள்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் போர்டுதான் கண்ணை உறுத்தியது. வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிடுவார்கள், காப்பி குடிப்பார்கள், கடைசியில் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் நிறுத்திடுவீங்க இல்ல?" என்று கேட்பார். "நிறுத்த மாட்டேங்க" என்பாள் வினோதினி. அவ்வளவுதான், செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும். இப்படியே முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அவளுடைய அம்மா பட்டம்மாள் சில நாள் அழுதாள், சில நாள் திட்டினாள், பிறகு மிஞ்சின பஜ்ஜியைப் பயிற்சிக்கு வருகிற பெண்களுக்குக் கொடுக்கப் பழகிக்கொண்டாள்.

வாய்க்கால் பிரச்சினைக்கு வருவோம். சுவர் எழுப்பினால் எலும்பு முறியும். முள்கம்பி கட்டினால் புடவையும் கிழியும், உடம்பும் கிழியும். வினோதினி ரொம்ப யோசித்து, கடலூரைத் தாண்டிப் புதுச்சேரி ரோட்டில் இருக்கிற ஒரு நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரர் ஸ்ரீதர் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"என்னா செடி மேடம் பாக்கறீங்க?"

"இடிச்சா வலிக்கக் கூடாது. முள்ளு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஆடு மேயக் கூடாது. ஒடிஞ்சாலும் மறுபடி தழையணும். பாக்க அழகாவும் இருக்கணும்."

ஸ்ரீதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கேக்கறது செடி இல்ல மேடம், மெத்தை."

"மெத்தை மழையில நனைஞ்சா வீணாப் போயிடுங்க. அதான் செடி கேக்கறேன்."

விஷயத்தை விளக்கியதும் ஸ்ரீதருக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஸ்கூட்டர் வந்து மோதுகிற வேலிக்கு யாரும் அவரிடம் செடி கேட்டதில்லை. பின்பக்கம் நிழல்வலைக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஒரு செடியைக் காட்டினார். சின்னச் சின்ன இலை, பளபளவென்றிருந்தது. நுனித் தளிர் மட்டும் புதுச் செம்புக் குடத்தின் நிறம். இலையைக் கசக்கி அவள் மூக்கருகில் நீட்டினார். காரமும் கசப்புமாக, பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி ஏறியது.

"சுரினாம் செர்ரி. நம்ம ஊர்ல ஷோவுக்குத்தான் வெக்கறாங்க. வெட்ட வெட்ட அடர்த்தியா வரும். ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கும்."

"செர்ரின்னா பழம் காய்க்குமா?"

"காய்க்கும்னு சொல்றாங்க. மட்டமா வெட்டிக்கிட்டே இருந்தா எங்க காய்க்கறது? நீங்க வேலியப் பாருங்க."

வினோதினி வேலியைத்தான் பார்த்தாள். மனையின் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று ஸ்ரீதர் சொல்லியிருந்ததால், மணலும் சாண எருவும் கலந்து வாய்க்கால் ஓரமாக நீளமாய் ஒரு கரை கட்டி, அதன் மேல் இரண்டு வரிசையாக, முன் வரிசை இடைவெளியில் பின் வரிசைச் செடி வருகிற மாதிரி நட்டாள். செடி இடுப்புயரம் வருகிற வரைக்கும் முன்னால் பழைய லாரி டயர்களை அடுக்கி வைத்தாள். ரொம்ப நிதானமான செடி அது. இரண்டு மழைக்காலம் ஆயிற்று. மாதாமாதம் பெரிய கத்திரியை எடுத்துத் தலையைத் தட்டி விடுவாள். தட்டத் தட்ட அது பக்கவாட்டில் திரண்டு, கடைசியில் கையை உள்ளே விட்டால் மறுபக்கம் எட்டாத அளவுக்கு மொத்தமாகிவிட்டது. டயரை எடுத்த அன்று முதலில் வந்து மோதினவள் அப்படியே செடிக்குள் பொதிந்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆடி, "டீச்சர், நல்லா இருக்கு டீச்சர்!" என்றாள். அன்றைக்கு எல்லாரும் ஒரு தடவை வேண்டுமென்றே போய் மோதிப் பார்த்தார்கள். வினோதினியும்தான்.

போன வருடம் தை மாதத்தில் பயிற்சிக்கு ஒரே கூட்டம். காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரைக்கும் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். கத்திரியைத் தொட நேரமில்லை. வெட்டாமல் விட்டதும், வேலி தன் இஷ்டத்துக்குக் கிளை விட்டது. மாசியில் இலையிடுக்கெல்லாம் மெல்லிய காம்பில் வெள்ளைப் பூ, பஞ்சுத் துணுக்கு மாதிரி. தேனீ மொய்த்தது. பூ உதிர்ந்த இடத்தில் வரி வரியாகப் பச்சைப் பிஞ்சு தொங்கியது. அது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, பங்குனி வெயில் ஏறினபோது சிவந்து நின்றது. கட்டைவிரல் நுனியளவில், எட்டுப் பட்டை போட்ட குட்டிப் பரங்கிக்காய். வேலி முழுக்க ஆயிரக்கணக்கில். வண்டி ஓட்ட வந்தவர்கள் யாரும் ரோட்டைப் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வேலியையே பார்த்தார்கள், பார்த்த இடத்துக்கு வண்டி நேராகப் போயிற்று. யாருக்கும் அதைச் சாப்பிடலாமா கூடாதா என்று தெரியாது. 'பரங்கிப்பழம்' என்று பேர் மட்டும் வைத்தார்கள்.

அந்த வாரத்தில்தான் முத்தம்மாள் வந்து மோதினாள்.

முத்தம்மாள் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். ஐம்பது வயது, நல்ல ஆகிருதி, பயம் என்பதே கிடையாது, பிரேக் என்பதும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, தான் வண்டி ஓட்டுகிற அழகைக் காட்டுவதற்காகத் தன் தம்பியையும் வரச் சொல்லியிருந்தாள். தம்பி இளவரசு கடலூரில் தனியாக இருப்பவன். குடிகாட்டுப் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியில் வார்னிஷ் கலக்கும் பிரிவில் வேலை. நாற்பத்திரண்டு வயது. சின்ன வயதில் அப்பா போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தினவன், அதிலேயே கல்யாண வயது கடந்து போயிற்று. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் ஒரு பை ஆரஞ்சோடு, ரோட்டோரம் வந்து நின்றான்.

"தம்பி, பாரு!" என்று முத்தம்மாள் கத்தினாள். பார்த்தான். மஞ்சள் புடவை சர்ரென்று அவனைத் தாண்டிப் போனது. வளைவு வந்தது. முத்தம்மாள் வளையவில்லை. வேலிக்குள் முழுசாகப் புகுந்து, பழம் மொத்தமும் உடம்பில் நசுங்க, தலையிலிருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்டச் சிவப்பாக எழுந்து நின்று, சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.

இளவரசு "அக்கா" என்றான். அடுத்த நொடி ஆரஞ்சுப் பையோடு அப்படியே சாய்ந்துவிட்டான்.

வினோதினிதான் ஓடிவந்து தலையைத் தாங்கினாள். பட்டம்மாள் சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தாள். கண்ணைத் திறந்தவன் முதலில் பார்த்தது குனிந்திருந்த வினோதினியின் முகம்.

"அக்கா போயிட்டாங்களா டீச்சர்?"

"எங்கயும் போல. அதோ, ஒங்க ஆரஞ்ச பொறுக்கிக்கிட்டு இருக்காங்க."

"ரத்தம்..."

"ரத்தம் இல்லிங்க. பழம்."

நம்பவில்லை. வினோதினி வேலியிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். மனிதன் என்ன நினைத்தானோ, வாங்கினவன் வாயில் போட்டுக்கொண்டுவிட்டான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அதைக் கேட்டு மற்றவர்களும் ஆளுக்கொன்று பறித்துக் கடித்தார்கள். அடுத்த நிமிடம் மனை முழுக்கத் தூ தூ என்ற சத்தம். மண்ணெண்ணெய் குடித்த மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. கதவுக்கு அடிக்கிற பெயின்ட் என்றாள் இன்னொருத்தி. இளவரசு மட்டும் இரண்டாவதை வாயில் போட்டுக்கொண்டு, "எங்க கம்பெனியில காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த வாசனைதாங்க. எனக்குப் பழகிப்போச்சு" என்றான்.

வினோதினிக்கு அப்போதுதான் திக்கென்றது. விஷமாக இருந்தால்? ஸ்ரீதருக்கு வீடியோ கால் போட்டு, பழத்தையும் இளவரசையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். "திங்கலாம் மேடம், ஒண்ணும் ஆவாது. நல்லாக் கருஞ்சிவப்பா ஆனதாப் பாருங்க. கொட்டைய மட்டும் துப்பிடணும். நீங்க செவப்பு வந்த ஒடனே பறிச்சிட்டீங்க போல. அதான் நாத்தம்" என்றார் ஸ்ரீதர். பிறகு போனில் உற்றுப் பார்த்து, "காய்ச்சிடுச்சா மேடம்? நெசமாவே காய்ச்சிடுச்சா? எங்கிட்டயே காய்ச்சதில்லியே!" என்று அவரும் கத்தினார்.

போகும்போது இளவரசு ஆரஞ்சு கொண்டுவந்த பை நிறையப் பழம் பறித்துக்கொண்டு போனான். முன்னெச்சரிக்கையாக அவனுடைய நம்பரை வினோதினி வாங்கிக்கொண்டாள். 'மயக்கம் ஆனவரு' என்று பதிந்துகொண்டாள்.

வேலியிலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாக அவள் அதன் சூட்சுமத்தைப் பிடித்தாள். இழுத்துப் பறித்தால் மண்ணெண்ணெய். கீழே உள்ளங்கையை ஏந்திச் சும்மா தொட்டால் தானாக விழ வேண்டும், அதுதான் பழம். அதிலும் லேசாக ஒரு நெடி இருக்கும். அதைப் போக்க வெந்நீரில் போட்டாள், உப்பில் போட்டாள், சரிப்படவில்லை. ஒரு சாயங்காலம் அலுத்துப்போய், பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்து, சர்க்கரையை அள்ளித் தூவி எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டுத் தூங்கப் போனாள்.

காலையில் டப்பாவைத் திறந்தால், பழம் ஒரு சிவப்புச் சாற்றில் மிதந்துகொண்டிருந்தது. நெடி போன இடம் தெரியவில்லை. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். புளிப்பு, இனிப்பு, அடியில் ஏதோ ஒரு சுறுசுறுப்பு, நாக்கு அப்படியே கூசிச் சிலிர்த்தது. அடுத்த ஸ்பூன். அதற்கடுத்து. பட்டம்மாள் அடுப்படிக்குள் வந்தபோது, மகள் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ வினோ, என்னாடி ஆச்சு ஒனக்கு?"

"எம்மா, வாயத் தொற!"

பட்டம்மாள் வாயைத் திறந்தாள். சப்புக்கொட்டினாள். கண்ணை மூடி இன்னொரு தடவை சப்புக்கொட்டினாள். "இத மொதல்ல யாருக்காவது சொல்லணுமே" என்றாள்.

வினோதினி போனை எடுத்தாள். வாட்ஸ்அப் குழுவில் தொண்ணூறு பெண்கள் இருந்தார்கள். ஆனால் விரல் போய் அமுக்கியது 'மயக்கம் ஆனவரு'.

"யாரு, டீச்சரா? அக்காவுக்கு என்னா ஆச்சு?"

"அக்காவுக்கு ஒண்ணும் ஆவல. பழம் இனிச்சிடுச்சுங்க!"

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அவன் சிரிப்பை வினோதினி அப்போதுதான் முதல் தடவை கேட்டாள். போனை வைத்த பிறகு, எதற்காகப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. அன்றைக்கு வந்த பெண்ணுக்கு பிரேக்கைக் காட்டி ஆக்ஸிலேட்டர் என்று சொல்லிக்கொடுத்தாள்.

அதற்கப்புறம் பங்குனியும் சித்திரையும் எப்படி ஓடின என்றே தெரியவில்லை. பழம் பறிக்கப் பறிக்க வந்தது. வினோதினி ஜாம் காய்ச்சினாள். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூளும் வெல்லமும் போட்டுத் தொக்கு கிளறினாள். பயிற்சிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பை கட்டிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் பரீட்சை பண்ணினார்கள். ஒருத்தி தக்காளிக்குப் பதிலாக ரசத்தில் போட்டாள். இன்னொருத்தி மீன் குழம்பில் புளியைக் குறைத்து இதைப் போட்டு, புருஷன் மூன்று தடவை சோறு கேட்டதாகக் குழுவில் போட்டோவோடு அறிவித்தாள். லால்பேட்டையிலிருந்து வந்த பெண் சர்பத் கலந்து நோன்பு திறக்க வைத்ததாகச் சொன்னாள். காலி பாட்டில் கிடைக்காமல் சிதம்பரத்தில் பழைய பேப்பர் கடைக்காரர் வரைக்கும் தேடவேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டப்பா முத்தம்மாள் கையில் கடலூருக்குப் போகும். அது ஒரு நாளும் காலியாகத் திரும்பவில்லை. முதல் தடவை இளவரசு தானே இடித்த கருவாட்டுப் பொடியை அதில் போட்டனுப்பினான். திறந்த பட்டம்மாள் இரண்டடி பின்னால் போனாள். பிறகு சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "மூக்கு வேல செய்யாட்டியும் கை வேல செய்யுது அந்தத் தம்பிக்கு" என்றாள். இரண்டாம் தடவை முந்திரி. மூன்றாம் தடவை டப்பா முத்தம்மாள் கையில் வரவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு இளவரசே வந்து நின்றான்.

"டீச்சர், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

வினோதினிக்கு முதலில் விளங்கவில்லை.

"சைக்கிளு மட்டுந்தான். இவ்ளோ வயசாச்சு, யாருகிட்டயும் கத்துக்குடுன்னு கேக்க வெக்கமா இருக்குது. கம்பெனி பஸ்ஸுலயே காலத்த ஓட்டிட்டேன். நீங்க கத்துக்குடுப்பீங்களா?"

வினோதினி போர்டைப் பார்த்தாள். பெண்களுக்கு மட்டும். இளவரசும் போர்டைப் பார்த்தான். முகம் சுருங்கிப்போயிற்று. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பட்டம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம போர்டுக்கு லீவு."

இளவரசு கெட்டிக்கார மாணவன் இல்லை. ஆனால் சொன்னதைச் செய்வான். பயப்பட்டாலும் வாயை மூடிக்கொண்டு பயப்படுவான். முதல் வாரம் வேலியில் எத்தனை தடவை மோதினான் என்று எண்ணுவதை முத்தம்மாள் பாதியில் விட்டுவிட்டாள். தம்பியின் வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றாகச் சிவந்து பாழாயிற்று. கடைசியில் ஒரு சிவப்புச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தான். வைகாசிக்குள் வண்டி அவன் கைக்குள் வந்துவிட்டது. வளைவில் அழகாக வளைந்தான், நிறுத்தச் சொன்ன கோட்டில் நிறுத்தினான். வினோதினிக்குப் பெருமையாக இருந்தது. அதோடு ஒரு கேள்வியும் எழுந்தது. கற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் எதற்கு வரப்போகிறான்?

"அடுத்த வாரம் டெஸ்ட்டுக்கு எழுதிக்குடுத்துடலாம். இன்னிக்கிக் கடைசிச் சுத்து" என்றாள்.

இளவரசு வண்டியை எடுத்தான். நேராகப் போனான். வளைவு வந்தது. வளையவில்லை.

"பிரேக்கு! பிரேக்கு புடிங்க!"

"புடிக்க மாட்டேன் டீச்சர்!"

வேலி அவனை வாங்கிக்கொண்டது. வினோதினி மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தாள். தலையில் இலையும், காதில் ஒரு செம்புத் தளிருமாக, வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான். அடி ஒன்றும் இல்லை.

"ஏங்க? நல்லாத்தான ஓட்டுனீங்க! ஏன் புடிக்கல?"

"கத்துக்கிட்டேன்னு ஆயிடுச்சின்னா, ஞாயித்துக்கெழம நான் எங்க போறது?" என்றான் இளவரசு. பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே, "ஒங்கள கட்டிக்கணும்னு கேக்கலாம்னு நாலு வாரமா வர்றேன். வாய் வரல. அதான் வண்டிய வுட்டுட்டேன்" என்றான்.

வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. அவனை விட்டுவிட்டு விறுவிறுவென்று திரும்பி நடந்தாள், தன் வண்டியை எடுத்தாள், கிளம்பிவிட்டாள். பட்டம்மாள் "எங்கடி போற?" என்று கத்தியது காதில் விழவில்லை. மேம்பாலம் தாண்டி ஊருக்குள் புகுந்து, கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று ஒரு சுற்று. போதவில்லை. இன்னொரு சுற்று. பூக்கடைக்காரர்கள் பார்த்தார்கள், டிராபிக் போலீஸ்காரர் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணாடி ஆவி படிந்து மங்கிப்போயிற்று. மூன்றாவது சுற்றில்தான், ஒரு மனிதனைச் செடிக்குள் உட்காரவைத்துவிட்டு வந்தோமே என்ற நினைப்பு வந்தது.

திரும்பி வந்தபோது இளவரசு அதே இடத்தில்தான் இருந்தான். வண்டியை விட்டு இறங்கியிருக்கவில்லை. பட்டம்மாள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"கிளாஸ நிறுத்த மாட்டேன்" என்றாள் வினோதினி.

"யாரு நிறுத்தச் சொன்னா? எனக்கே இன்னும் எட்டு போட வரல."

பட்டம்மாள் டீ டம்ளரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உள்ளேயிருந்து முத்தம்மாளுக்கு அவள் போன் போட்டுக் கத்தினது ரோடு வரைக்கும் கேட்டது.

ஆவணியில், கடலூர்ப் பக்கத்துக் கோயில் ஊரான திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. தாம்பூலப் பையில் என்ன போடுவது என்ற பேச்சு வந்தபோது, வினோதினி வீட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பழம் சாப்பிட்டவர்கள் துப்பின கொட்டையையெல்லாம் அவள் காயவிடாமல் அன்றன்றைக்கே காகித டீக் கப்பில் மண் போட்டு ஊன்றி வைத்திருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. முளைக்காது என்று எல்லாரும் சொன்ன பிறகு, ஒவ்வொன்றாகச் செம்பு நிறத்தில் தலையைத் தூக்கியிருந்தது. வரிசை வரிசையாக, கப்புக்கு ஒரு கன்று.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே காலையில் எத்தனையோ கல்யாணம். அத்தனை மாப்பிள்ளை, அத்தனை பெண், அத்தனை நாதஸ்வரம், எல்லாம் ஒரே ரோட்டில். விடிந்ததும் விடியாததுமாகச் சிதம்பரத்திலிருந்து கிளம்பின பெண் வீட்டுக் கார், கெடிலம் ஆற்றை நெருங்கும்போது நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் வேன், பின்னால் பஸ், பக்கத்தில் இன்னொரு கல்யாணத்துச் சமையல் பாத்திரம் ஏற்றின டெம்போ.

"முகூர்த்தம் போயிடும்டி" என்று பட்டம்மாள் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

வினோதினி கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தாள். காருக்குப் பின்னாலேயே, பட்டுப் புடவையும் ஹெல்மெட்டுமாக, அவளிடம் படித்த பெண்கள் வரிசையாக ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நிற்கவில்லை. வேனுக்கும் டெம்போவுக்கும் நடுவே மீன் குஞ்சு மாதிரி நுழைந்து நுழைந்து வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், மாப்பிள்ளை வேனில் ஏற மாட்டேன் என்றுவிட்ட முத்தம்மாள்.

"டீச்சர், எறங்குங்க!"

வினோதினி இறங்கினாள். நெற்றிச்சுட்டியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள், சடையில் வைத்த பூ ஹெல்மெட்டுக்குள் போகாததால் அதையும் பிடுங்கிக் கொடுத்தாள். கூரைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முத்தம்மாளைப் பின்னால் தள்ளி வண்டியை வாங்கினாள். பட்டம்மாளை இன்னொருத்தி ஏற்றிக்கொண்டாள். அந்த ரோட்டில் நின்றிருந்த மூன்று கல்யாண கோஷ்டியும் தலையை நீட்டி விசில் அடித்தது.

பாலத்தின் மேல் ஒரு ஆள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, வியர்க்க விறுவிறுக்க நடந்து போய்க்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வேனும் மாட்டிக்கொண்டது போல. வினோதினி பக்கத்தில் போய் ஹாரன் அடித்தாள்.

முத்தம்மாள் இறங்கி வேறொரு வண்டிக்குத் தாவினாள். "ஏறுங்க" என்றாள் வினோதினி.

"நான் ஓட்டவா?" என்றான் இளவரசு. ஆடி மாதத்திலேயே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டிருந்தான்.

"முகூர்த்தம் முடிஞ்ச பின்னால ஓட்டுங்க!"

பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில், பின்னால் இருபது ஸ்கூட்டரோடு, நாதஸ்வரமே இல்லாமல் ஹாரன் சத்தத்தோடு வந்து இறங்கியதைப் பார்த்து மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர்களுக்கு யாருக்கு முதலில் பூசுவது என்று தெரியவில்லை. தாலி ஏறும்போது பட்டம்மாள் அழவேண்டும் என்று தயாராக இருந்தாள். ஆனால் மணமேடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அடக்க அடக்கச் சிரித்துக்கொண்டிருந்ததால், அய்யருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டு மந்திரம் நடுவில் நின்று நின்று வந்தது. அழுகை எங்கே வரும்?

பந்தியில் எல்லா இலையிலும் தொக்கு ஒரு கரண்டி வைத்தார்கள். பையை வாங்கினவர்கள் கப்புக்குள் எட்டிப் பார்த்து, "இது என்னா செடி?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்ததால், நர்சரி ஸ்ரீதர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தானே கண்டுபிடித்த மாதிரி விவரம் சொன்னார்.

மத்தியானம் சிதம்பரத்துக்குத் திரும்பும்போது வினோதினி சாவியை இளவரசு கையில் கொடுத்தாள். பெரிய ரோட்டில் அவன் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் மாலையைக் கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிவிட்டிருந்தார்கள். சைக்கிள் போகிற வேகத்தில் போனான். மாட்டு வண்டி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. பின்னால் வந்த இருபது பேரும் புது மாப்பிள்ளையை முந்துவது மரியாதை இல்லை என்று அதே வேகத்தில் வரிசை கட்டி வந்தார்கள். கடலூர் முதுநகர் தாண்டினதும் உப்புக்காற்று அடித்தது. எதிரே வந்த டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "மாமா, நாளைக்காவது போய்ச் சேந்துடுவீங்களா?" என்று கத்தினார்.

"என்னா அவசரம்!" என்று இளவரசு திரும்பிக் கத்தினான். கத்தின வேகத்தில் கை முறுக்கிக்கொண்டு வண்டி ஒரு குதி குதித்தது. வினோதினி அவன் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்றாள். அப்புறம் அவன் தோளில் தட்டி, "இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்றாள்.